தராசில் ஏறிய கருப்பட்டி

ஊமத்தங்குளத்துக்காரர்கள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் இல்லை. தப்பாகச் செய்தாலும் முழுசாகச் செய்துவிட்டுத்தான் ஓய்வார்கள். குளத்தில் ஆழமான இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, மூச்சடக்கி முங்கி, குளத்திலேயே ஆழமான இடம் எதுவென்று தேடிப் பிடித்து, அதன் அடித்தரையில் பலகையை ஊன்றிவிட்டு வந்தவர்கள். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெயிண்ட்கூட உரியவில்லை என்று முங்கிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்த ஊரில் பந்தல் போடுகிற சொரிமுத்துவுக்கு ஒரு சங்கடம் வந்தது. சங்கடம் வேறெங்கும் இல்லை, அவன் வயிற்றிலேயே இருந்தது.

போன வருஷம் அவன் மனைவி செண்பகவடிவு பிரசவத்தில் ரொம்பச் சிரமப்பட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்த சொரிமுத்து, ஊர் எல்லையில் குடியிருக்கும் நிறைகொண்டாள் அம்மனை நினைத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கினான். "தாயே, ரெண்டு உசுரையும் நல்லபடியா வெளிய அனுப்பு. என் எடைக்கு எடை கருப்பட்டி தாரேன். சீனி கலந்த கடைக் கருப்பட்டி இல்ல, என் மச்சான் பனையில இறக்கின சுத்தக் கருப்பட்டி."

அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது, தாயும் நலம். மச்சானும் தன் பங்கைச் செய்தான். சொரிமுத்து அப்போது என்ன எடை இருந்தானோ அந்த எடைக்குக் கருப்பட்டி காய்ச்சி, ஓலைப் பெட்டிகளான கொட்டான்களில் கட்டி, வண்டி போட்டு அனுப்பிவைத்தான். பதநீர்ப் பருவமும் அத்தோடு முடிந்தது.

தன் பங்கைச் செய்யாதவன் சொரிமுத்துதான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டார்கள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, நல்லெண்ணெய் மிதக்கிற உளுந்தங்களி, கைநிறைய லேகியம். செண்பகவடிவால் பாதிதான் சாப்பிட முடிந்தது. மீதியை வீணாக்கக் கூடாதே என்று சொரிமுத்து சாப்பிட்டான். பத்தியம் முடிந்து அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவனுக்குப் பத்தியம் முடியவில்லை.

நிறைகொண்டாள் கோயில் வழக்கம் கறாரானது. வாசலில் கோயில் தராசு தொங்கும். நேர்ந்துகொண்டவன் ஒரு தட்டில் உட்கார வேண்டும், காணிக்கை மறு தட்டில் ஏற வேண்டும். காணிக்கைத் தட்டு தரையைத் தொட்டால் நேர்ச்சை தீர்ந்தது. அதுவரை பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூடாது. ஐப்பசிக் கொடைத் திருவிழா நெருங்கியபோது குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் அவளைப் பாப்பா என்றார்கள். தெருவில் யார் வீட்டுப் பாப்பாவைக் கூப்பிட்டாலும் இவள் திரும்பிப் பார்த்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சொரிமுத்து அவளைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனான். போன இடத்தில் சாப்பிட்டான்.

செண்பகவடிவு ஒருநாள் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய், வெயிலுகந்தானின் பழைய இரும்புக் கடை எடைமேடையில் ஏற்றினாள். முள் விருட்டென்று ஓடியது. வெயிலுகந்தான் தன் கடையின் பழைய வார்ப்பிரும்பு எந்திரங்களைப் பார்க்கிற பரிவோடு நண்பனைப் பார்த்தான்.

"இங்கேருங்க," என்றாள் செண்பகவடிவு. "பருவம் போயிட்டு. கருப்பட்டியைக் கூட்ட முடியாது. உங்களைத்தான் குறைக்கணும். இந்தக் கொடையில பிள்ளைக்குப் பேரு வெக்கல, நான் அவளைத் தூக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்க பனையாவது சொன்ன சொல்லைக் காப்பாத்துது."

சொரிமுத்து மேடையிலிருந்து இறங்கினான், முள்ளும் இறங்கியது. மெலிந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தான்.

பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் இலவச மருத்துவ முகாம் நடந்தது. சொரிமுத்துவைத் தனியாக விட அவன் நண்பர்களுக்கு மனசு வரவில்லை. எடைமேடைக்கார வெயிலுகந்தான், டீக்கடை நல்லகண்ணு, இவர்களுக்கெல்லாம் யோசனை சொல்கிற உலகநாதன் அண்ணாச்சி, மூன்று பேரும் கிளம்பினார்கள். உலகநாதன் அண்ணாச்சிக்கு வேறு வேலை கிடையாது. யோசிக்கிறவனுக்கு வேலை இருந்தால் யோசனை கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

முகாமில் முதல் மேசையில் உணவு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் இருந்தார். சொரிமுத்துவைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "மாவுச்சத்தை ஒதுக்கிடுங்க. சோறு, இட்லி, தோசை, இனிப்பு எதுவும் வேண்டாம். இனிப்பை வீட்டிலேயே வெச்சுக்காதீங்க. முட்டை, மீன், கறி, தேங்காய், கீரை சாப்பிடுங்க. வயிறு நிறைஞ்சதும் நிறுத்திடுங்க. இப்படிச் சாப்பிட்டாப் பசி தானா அடங்கும், கலோரியெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை."

நால்வரும் கும்பிட்டுவிட்டு, வந்ததுக்கு இருக்கட்டும் என்று அடுத்த மேசைக்கும் போனார்கள். அங்கே ஒரு டாக்டர். "யார் சொன்னா? மாவுச்சத்தை விட்டாலும் கலோரி கலோரிதான். எதைத் தின்னாலும் எண்ணித்தான் திங்கணும்," என்றார்.

"கலோரின்னா என்னங்கய்யா?" என்று உலகநாதன் அண்ணாச்சி கேட்டார்.

அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. டாக்டர், "அது ஒரு வகைச் சூட்டுக் கணக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் நல்லகண்ணு டீக்கடையில் சபை கூடியது.

"படிச்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தர் எண்ணாதேங்காரு, ஒருத்தர் எண்ணுங்காரு," என்றான் நல்லகண்ணு. "யாரு பேச்சைக் கேக்க?"

"ரெண்டு பேரு பேச்சையும் கேக்கணும்," என்றார் உலகநாதன் அண்ணாச்சி. "ஒருத்தரை விட்டுட்டா அவங்க மனசு சங்கடப்படும்லா? முதல்ல எண்ணாம தின்போம். அப்புறம் எண்ணித் தின்போம். ரெண்டையும் முழுசாச் செஞ்சா, ரெண்டு மடங்கு மெலிஞ்சிருவான்."

இந்தக் கணக்கில் யாருக்கும் குறை தெரியவில்லை. ரெண்டு மடங்கு மெலிந்தால் தன் வேட்டி இடுப்பில் நிற்குமா என்று மட்டும் சொரிமுத்து கவலைப்பட்டான்.

வேட்டி என்றதும் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. வேட்டிக்குக் கஞ்சி போடுகிறார்களே, கஞ்சி மாவுதானே? வாய்க்குத் தடை போட்டுவிட்டு இடுப்பு வழியாக ஏறவிட்டால் என்ன பிரயோஜனம்? அன்றே வேட்டிகளையெல்லாம் ஊறவைத்து அலசி, கஞ்சி இல்லாமல் கட்டினான். வேட்டி காலோடு ஒட்டிக்கொள்ள, நனைந்த கோழி மாதிரி நடந்தான். தொழிலிலும் விரதத்தை விடவில்லை. கல்யாணப் பந்தலில் காகித எழுத்துகளை மைதாப் பசை தடவாமல் சும்மா வைத்து அழுத்திவிட்டு வந்தான். காற்று அடித்ததில் மாப்பிள்ளை பெயர் மட்டும் பறந்துபோய் அடுத்த தெருக் கருமாதிப் பந்தலில் சிக்கிக்கொண்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைப் பார்த்துவிட்டுத் துக்கம் கேட்க வந்து, மாப்பிள்ளையே கதவைத் திறந்ததும் மயங்கி விழுந்தார்.

எண்ணாத காலம் முதலில் தொடங்கியது. அந்த அம்மா சொன்னதில் ஒரே ஒரு சிக்கல்தான். வயிறு நிறைந்ததும் நிறுத்த வேண்டும். ஆனால் வயிறு நிறைந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"உனக்கு எப்பவாவது வயிறு நிறைஞ்சிருக்காலே?" என்று கேட்டான் வெயிலுகந்தான்.

சொரிமுத்து நேர்மையாக யோசித்துப் பார்த்தான். "இலை முடிஞ்சிருக்கு. பந்தி முடிஞ்சிருக்கு. வயிறு நிறைஞ்சதா ஞாபகம் இல்ல."

"வயித்தைச் சுத்தி ஒரு நூலைக் கட்டுவோம்," என்றார் உலகநாதன் அண்ணாச்சி. "நூல் அறுந்தா நிறைஞ்சதா அர்த்தம். அந்த நிமிஷமே கையைக் கழுவிரணும்."

நல்ல யோசனை. நூலைக் கட்டி, முட்டைகளை அவித்து வைத்து உட்கார்ந்தார்கள். சொரிமுத்து முதல் முட்டையை எடுக்கக் குனிந்ததும் நூல் படாரென்று அறுந்தது. சொரிமுத்து கையைக் கழுவினான். அவன் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் சகிக்கவில்லை.

"நூல் சரியில்லவே," என்றான் வெயிலுகந்தான். "கடையில நல்ல சரக்கு இருக்கு." ஓடிப்போய் லாரியில் பாரம் கட்டுகிற நைலான் கயிற்றைக் கொண்டுவந்தான். அதை வயிற்றைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, பாரம் கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சாகப் போட்டான்.

அதன் பிறகு எந்தத் தொல்லையும் இல்லை. சொரிமுத்து முட்டை தின்றான், கயிறு அறவில்லை. ஆட்டுக்கறி தின்றான், அறவில்லை. தேங்காயைக் கீறிக் கீறித் தின்றான், நெய்மீனை வறுத்துத் தின்றான், கயிறு அசையவே இல்லை. சதைதான் கயிற்றுக்கு மேலும் கீழுமாகப் பிதுங்கியது. "இன்னும் நிறையலியே," என்று நண்பர்கள் வியந்தார்கள். இவ்வளவு காலம் இந்தப் பசியோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினானோ என்று நல்லகண்ணு கண்கலங்கினான்.

செண்பகவடிவு பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். "மெலியணும்னு சொன்னேன். லோடு ஏத்தணும்னு சொல்லல," என்றாள்.

"கண்ணு போடாத," என்றான் சொரிமுத்து. அவள் சொன்னது மனசில் தைக்கத்தான் செய்தது. ஆனால் படித்த அம்மா சொன்னபடி அட்சரம் பிசகாமல் நடக்கிறபோது எடை குறையாமல் எங்கே போகும்?

இனிப்பை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னதும் அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கருப்பட்டிக் கொட்டான்கள் அத்தனையும் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. மூச்சு இழுக்கும்போதெல்லாம் வாசனை உள்ளே போகிறது. உடனே எல்லாவற்றையும் நல்லகண்ணு டீக்கடைக்கு மாற்றினார்கள். அது வீடு இல்லையே.

சொரிமுத்து கிளம்பிப் போன பிறகு, டீக்கடையில் உலகநாதன் அண்ணாச்சி கொட்டான்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய யோசனை வரும்போது அவர் காது லேசாக ஆடும். ஆடியது.

"இங்கேருங்கவே. இது சொரிமுத்து எடைக்கு எடை வந்த கருப்பட்டி. சரியா?"

"சரி."

"அவன் இப்ப மெலியப் போறான். ரெண்டு மடங்கு மெலியப் போறான். அப்போ அம்மனுக்குப் போக வேண்டிய கருப்பட்டியும் குறையும்லா?"

"குறையும்."

"அப்போ மிச்சம் விழும். அந்த மிச்சம் யாருக்கு?"

மூவரும் கொட்டான்களைப் பார்த்துவிட்டு, கொதிக்கிற பாய்லரைப் பார்த்தார்கள்.

"மிச்சம் விழட்டும், அப்புறம் பாப்போம்," என்றான் நல்லகண்ணு.

"விழுறது நிச்சயம்னு ஆனப்புறம் காத்திருக்கிறது நம்பிக்கை இல்லாதவன் செய்யுற வேலை," என்றார் அண்ணாச்சி. "நமக்கு சொரிமுத்து மேல நம்பிக்கை இருக்கா இல்லியா?"

நண்பன் மேல் நம்பிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து, வரப்போகிற மிச்சத்தை எடுத்து மூவரும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். காலையில் குடித்தார்கள், சாயங்காலம் குடித்தார்கள். நம்பிக்கை கூடின நாட்களில் நடுவிலும் குடித்தார்கள். சொரிமுத்துவுக்கு மட்டும் தரவில்லை. அவன் மெலிகிறவன், அவனைக் கெடுக்கக் கூடாது.

பிறகு எண்ணித் தின்கிற காலம் வந்தது. எண்ணும் பொறுப்பு நல்லகண்ணுவுக்கு. டீ டம்ளர் எண்ணி எண்ணி அவனுக்குப் பழக்கம்.

"கலோரி கண்ணுக்குத் தெரியாதேவே, எதை எண்ண?" என்றான் அவன்.

"வாய் ஒருதரம் திறந்து மூடினா ஒண்ணு," என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "வேற வழியா அது உள்ள போக முடியாதே."

சொரிமுத்து சாப்பிட, நல்லகண்ணு பக்கத்தில் நின்று உரக்க எண்ணினான். டீ குடிக்க வந்தவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். நேற்றைவிட இன்று ஒன்று கூடிவிட்டால் கைதட்டினார்கள். சொரிமுத்துவுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. பந்தல் போட்டதற்கு ஒருநாளும் யாரும் கைதட்டியதில்லை. சபையை ஏமாற்றக் கூடாதே என்று கூட இரண்டு மீன் தின்றான்.

வெயிலுகந்தானுக்குத்தான் சந்தேகம் வந்தது. "அண்ணாச்சி, கலோரி கூடணுமா குறையணுமா?"

அண்ணாச்சி யோசித்தார். "குறையணும்னுதான் நினைக்கேன்."

இத்தனை நாள் கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க," என்றார் அண்ணாச்சி. "வாயை அடிக்கடி திறந்தாத்தானே எண்ணிக்கை கூடும்? பெருசாத் திறக்கச் சொல்லுங்க. ஒரே தரத்துல போகட்டும்."

அதன் பிறகு சொரிமுத்து ஆம்லெட்டைப் பாயைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி ஒரே வாய்க்குள் தள்ளினான். ஒரு கலோரி. கோழித் தொடை, எலும்பை மட்டும் வெளியே இழுத்தால் அதுவும் ஒரே கலோரி. எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. ஊரில் இவ்வளவு குறைந்த கலோரியில் இவ்வளவு சாப்பிட்டவன் கிடையாது என்று நல்லகண்ணு சொன்னான். அதில் பொய் இல்லை.

அந்த டாக்டர் சூட்டுக் கணக்கு என்று சொன்னதையும் அண்ணாச்சி மறக்கவில்லை. சூட்டில்தானே இருக்கிறது, ஆறவைத்தால் போய்விடும் அல்லவா? மீன் வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கி, ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியை அதற்குள் புதைத்தார்கள். மூடியைத் திறந்தபோது குழம்பின் மேல் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து ஏடு கட்டிக் கிடந்தது.

அண்ணாச்சி இரண்டடி பின்வாங்கினார். "பாத்தீங்களாவே! கண்ணுக்குத் தெரியாதுன்னோமே. இதான் கலோரி. குளிர் தாங்காம மேல வந்து செத்து மிதக்கு."

"அடேயப்பா, எம்புட்டு!" என்றான் வெயிலுகந்தான்.

சொரிமுத்து பயந்துபோய் எட்டிப் பார்த்தான். இத்தனையுமா தன் வயிற்றுக்குள் உயிரோடு போய்க்கொண்டிருந்தது? "எடுத்து எறிஞ்சிருவோமா?"

"செத்தது என்ன செய்யும்? தின்னு," என்றார் அண்ணாச்சி. சொரிமுத்து அதை வழித்து ஒரே வாயில் தின்றான். நல்லகண்ணு அதை எண்ணவில்லை. செத்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் எடைமேடையில் ஏறிப் பார்த்தார்கள். முள் போன தடவை போன இடத்துக்குப் போய், சற்று நின்று, யோசித்து, இன்னும் கொஞ்சம் போனது.

சொரிமுத்து ஒரு காலைத் தூக்கி நின்று பார்த்தான். "கூடியிருக்கே அண்ணாச்சி."

அண்ணாச்சி முள்ளை உற்றுப் பார்த்தார். "கூடத்தான் செய்யும். பஸ் கிளம்பும்போது பஸ்ஸ்டாண்டுல கூட்டம் கூடுதா இல்லியா? உன் எடை மொத்தமும் வெளிய போகக் கிளம்பி வாசல்ல வந்து நிக்கு. நாளைக்குக் காலையில ஒண்ணும் இருக்காது."

சொரிமுத்து அதை நம்பினான். நம்பாமல் வேறென்ன செய்ய? வீட்டுக்குப் போனபோது பாப்பா அவன் வயிற்றைக் கட்டிப்பிடிக்கப் பார்த்து, கை எட்டாமல் நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு உனக்குப் பேரு," என்று அவளிடம் சொன்னான். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

கொடையன்று கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. பூசாரி மாசானம் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டு நின்றார். மேளக்காரர்கள் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார்கள். தட்டு தரையைத் தொட்டதும் அடிக்க வேண்டும்.

சொரிமுத்து தட்டில் உட்கார்ந்தான். தட்டு தரையில் உட்கார்ந்தது. மறு தட்டில் கொட்டான்கள் ஏறின. ஒன்று ஏறியது, இன்னொன்று ஏறியது, வரிசையாக ஏறின. பிறகு ஏற்ற ஒன்றும் இல்லை. சொரிமுத்து தரையை விட்டு அசையவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் பூசாரி.

செண்பகவடிவு கொட்டான்களைப் பார்த்தாள். தன் அண்ணன் கட்டி அனுப்பியதை அவள் தன் கையால் அடுக்கியவள். "இது பாதிகூட இல்லியே! மீதி எங்க?"

உலகநாதன் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். வெயிலுகந்தான் முன்னால் ஓடிவந்து பேச்சை மாற்றினான். "எலே சொரிமுத்து, செருப்பைக் கழத்து. மூச்சை இழுத்துப் பிடி. மனசுல லேசான சங்கதியா நினை. பஞ்சை நினை, காத்தாடியை நினை, பஞ்சு மிட்டாயை நினை."

"பஞ்சு மிட்டாய் வேண்டாம், அதுல சீனி இருக்கு!" என்று நல்லகண்ணு கத்தினான்.

சொரிமுத்து அவசரமாக நினைப்பை மாற்றிக்கொண்டான். மூச்சை இழுத்துப் பிடித்ததில் கண் பிதுங்கியது. தட்டு அசையவில்லை. கூட்டத்துக்கு நடுவில் செண்பகவடிவு பாப்பாவை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றி, முந்தானையை இறுக்கிச் செருகினாள். அண்ணன் ஊருக்குப் போகிற பஸ் மதியம்தான். அதற்கு இப்போதே கிளம்புகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி," என்றான், உள்ளே பிடித்த மூச்சோடு. குரல் விசில் மாதிரி வந்தது. "ஏதாவது செய்யுங்க."

அண்ணாச்சியின் காது ஆடியது. இந்தத் தடவை இரண்டு காதும் ஆடின.

"பூசாரியய்யா," என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "கருப்பட்டி ஒரு துளி குறையல. எல்லாம் இங்கனதான் இருக்கு. என்ன, கொஞ்சம் இடம் மாறியிருக்கு. நான் குடிச்ச காப்பியில பாதி, இவங்க ரெண்டு பேரும் குடிச்சதுல மீதி. கருப்பட்டி எங்க வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு. நாங்க தட்டுல ஏறினா அதுவும் ஏறினதாத்தானே அர்த்தம்?"

பூசாரி மாசானமும் ஊமத்தங்குளத்துக்காரர்தான். தராசையும் மூவர் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார். "நியாயம்தான்," என்றார். "கொட்டான்ல இருந்தா என்ன, குடல்ல இருந்தா என்ன?"

மூவரும் கருப்பட்டி மேல் ஏறி உட்கார்ந்தார்கள். காணிக்கைத் தட்டு தடாலென்று தரையில் மோதியது. சொரிமுத்து விருட்டென்று மேலே போனான். உச்சியில் தராசுக் கட்டையில் தலை இடித்தது. மேளம் முழங்கியது. அங்கிருந்து பார்த்தபோது ஊர், குளம், குளத்துக்குள் மங்கலாகத் தெரிந்த எச்சரிக்கைப் பலகை, பஸ்ஸ்டாண்டு பக்கம் திரும்பாமல் கோயில் பக்கமே திரும்பி நிற்கிற செண்பகவடிவு எல்லாம் தெரிந்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு லேசாக இருந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. மெலிந்துவிட்டேன் என்றே நினைத்தான்.

பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். அம்மன் பெயரையே வைத்து, நிறைகொண்டாள் என்று பூசாரி அவள் காதில் மூன்று தரம் சொன்னார். பாப்பா என்று யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. சொரிமுத்து தட்டிலிருந்து இறங்கும் வழியில் அழுதுவிட்டான்.

அண்ணாச்சியும் இறங்கப் போனார்.

"எங்க இறங்குதீரு?" என்றார் பூசாரி.

"வீட்டுக்கு."

"காணிக்கைத் தட்டுல ஏறினது அம்மன் சொத்து. ஏறினது வெளிய போற வழக்கம் இந்தக் கோயில்ல கிடையாது."

"நாங்க மனுஷங்கல்லாவே?"

"இப்பத்தானே கருப்பட்டின்னீரு?"

அண்ணாச்சி இறங்க நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார். தன் வாதத்தையே தான் எதிர்த்துப் பேசுவது முறையில்லை. "அதுவும் சரிதான்," என்றார். மூவரும் கொட்டான்களோடு சேர்ந்து வரிசையாகக் கோயில் சரக்கறைக்குள் போனார்கள். பூசாரி கதவைச் சாத்துமுன் எறும்பு வராமல் இருக்க வாசலில் மஞ்சள்பொடி தூவினார்.

பூசாரி ஈரநெஞ்சுக்காரர். உள்ளே இருக்கிற கருப்பட்டி கரைந்து, ஆட்கள் பழையபடி மெலிந்ததும் விட்டுவிடுவதாகச் சொன்னார். ஆனால் கோயிலில் சாப்பாடு என்று இருப்பது பிரசாதம் ஒன்றுதான். வந்த கருப்பட்டியைப் போட்டு, நெய் ஊற்றிக் கிளறிய பொங்கல்.

"அரிசி இருக்கே அண்ணாச்சி, நமக்கு ஆகாதே," என்று நல்லகண்ணு இலையைத் தள்ளிவைத்தான்.

"அரிசியெல்லாம் அம்மன் சாப்பிட்டாச்சு. கலோரியையும் அவளே எடுத்திருப்பா. நமக்கு வாரது மிச்சம். மிச்சத்தை எண்ண வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. இலை திரும்ப வந்தது.

வெள்ளிதோறும் பூசாரி மூவரையும் தராசில் எடை போட்டார். ஒவ்வொரு வெள்ளியும் எடை கூடியது. பூசாரிக்குப் புல்லரித்தது. காணிக்கை வந்து குறைந்த கோயில்கள் உண்டு, வந்த இடத்தில் தானாகப் பெருகுகிற கருப்பட்டியை யாரும் கண்டதில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். சரக்கறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெயிலுகந்தான் உள்ளேயிருந்து கையசைத்தான்.

சொரிமுத்துவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தன் பிள்ளைக்குப் பெயர் கிடைப்பதற்காக மூன்று பேர் கருப்பட்டியாகிக் கிடக்கிறார்கள். டீக்கடை பூட்டிக் கிடந்தது, இரும்புக் கடையில் இரும்பு துருப்பிடித்தது, ஊரில் யோசிக்க ஆள் இல்லை. ஒருநாள் மனைவியோடும் மகளோடும் கோயிலுக்குப் போனான். சன்னிதிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழப் பார்த்து, நைலான் கயிறு தடுக்கவே பாதியில் நின்று, கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கினான்.

"தாயே, என் கூட்டாளிங்க மூணு பேரையும் மெலியவெச்சு வெளிய அனுப்பு. அனுப்பிட்டா, அந்த மூணு பேரு எடைக்கும் எடை கருப்பட்டி தாரேன். என் மச்சான் பனையில இறக்கினது."

செண்பகவடிவு மகளை அப்படியே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சரக்கறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு காது தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது.

"எலே சொரிமுத்து," என்றார் உலகநாதன் அண்ணாச்சி. "எங்க எடைக்கு எடைன்னா சொன்னே? நாங்கதான் மெலியப் போறோம்லா, அப்போ எப்படியும் மிச்சம் விழும். அந்த மிச்சத்துல இப்பமே மூணு காப்பி போட்டுக் கொண்டா."